கல்லில் வெட்ட வேண்டிய பெயர்

"தியோடோரோஸ் என்று வெட்டிவிடு" என்றார் ஹோரியோன் பாதிரியார். கிரேக்கத்தில் கடவுள் தந்தவன் என்று பொருள். விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்தவனுக்குப் பொருத்தமான பெயர்.

கல்தச்சன் உளியைத் தூக்கவில்லை. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

கல்லுக்குக் கீழே கிடந்தவனின் பெயர் கொப்ரேஸ். அதாவது, குப்பை.

ஆக்ஸிரிங்கஸ் நகரத்தில் அது அபூர்வமான பெயர் இல்லை. ஊருக்கு வெளியே மேடு மேடாகக் குப்பை. அங்கே யாராவது போட்டுவிட்டுப் போன சிசுவை வேறு யாராவது எடுத்து வளர்த்தால், பெயருக்காக மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். கிடந்த இடமே பெயர்.

இவனை எடுத்தவள் தமினிஸ். அடுப்புச் சாம்பலைக் கொட்டப் போனவள், கூடை நிறையத் திரும்பி வந்தாள்.

வளர்ந்து கழுதை ஓட்டினான். பெயரைச் சொல்லிச் சந்தையே சிரித்தது. கடைசியில், கிறிஸ்தவன் என்று பிடித்துப்போய் நிறுத்தியபோது, ஆளுநரும் சிரித்தார். "குப்பையை வெட்டி எனக்கென்ன பெருமை? ஒரு சிட்டிகை சாம்பிராணியைத் தெய்வத்துக்குப் போட்டுட்டு வீட்டுக்குப் போடா" என்றார்.

கொப்ரேஸ் போடவும் இல்லை, போகவும் இல்லை.

இப்போது அரசாங்கம் மாறிவிட்டது. கிறிஸ்தவர்கள் வெளியே தலைகாட்டலாம். கல்லறைக்கு மேல் மண்டபம்கூட எழும்பிவிட்டது. எல்லாம் திராட்சைத் தோட்டத்து அப்பியா அம்மாளின் உபயம். விதவை. போன ஈஸ்டருக்குத்தான் ஞானஸ்நானம் பெற்றவள்.

அந்த அம்மாள்தான் மறித்துக்கொண்டு நின்றாள்.

"கொப்ரேஸ்னே இருக்கட்டும்."

"அம்மா, திருநாளன்னிக்கு ஜனங்க என்னன்னு பாடுவாங்க? 'புனித குப்பையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னா?" பாதிரியார் கையை விரித்தார். "பெயர்ல என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. பெயர்லதான் எல்லாம் இருக்கு."

"சாமி பேரே பழைய பருந்துத் தெய்வத்தோட பேருதான" என்று கல்தச்சன் உளியிடம் சொன்னான்.

பக்கத்தில் நின்ற தமினிஸுக்குப் பாதிரியார் சொன்ன பெயர் பிடித்திருந்தது. அதன் அர்த்தத்தை மனத்துக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்திருந்தாள். உயிரோடு இருந்தவரை சிரித்தார்கள், செத்த பிறகாவது சிரிக்காமல் இருக்கட்டும்.

"பெரிய வீட்டு அம்மாவுக்கு என் பிள்ளைமேல என்ன இவ்வளவு இளக்காரம்?" என்று கேட்டேவிட்டாள். "கல்லு நீங்க குடுத்ததுதான். அதுக்காகச் செத்தவனையும் குப்பைன்னு கூப்பிடணுமா?"

அப்பியா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அந்தப் பேரு அவனுக்கு என்னாலதான் வந்தது" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"மூணாவதும் பையன். நிலத்தை இன்னொரு கூறு போட முடியாதுன்னாரு என் வீட்டுக்காரர். நான் வாயைத் திறக்கல. நானேதான் கொண்டுபோய் அந்த மேட்டுல வச்சேன். யார் எடுக்கறான்னு மறைஞ்சு நின்னு பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்." அவள் தமினிஸைப் பார்க்கவில்லை. "பேரை மாத்திட்டா நான் தப்பிச்ச மாதிரி ஆயிடும். வர்றவன் போறவன் எல்லாம் அதைப் படிக்கட்டும்."

பாதிரியாரின் கண் கலங்கிவிட்டது.

"என்ன தாழ்மை! என்ன தாழ்மை!" என்றார். ஒரு நொடியில் கட்சி மாறினார். "கொப்ரேஸ்னே வெட்டுப்பா. குப்பையிலிருந்து தூக்கப்பட்டவன். பிரசங்கத்துக்கும் நல்லா வரும்."

கல்தச்சன் உளியை வைத்து, சுத்தியலை ஓங்கினான்.

"நிறுத்து" என்றாள் தமினிஸ்.

குரல், சந்தையில் விலை பேசும் குரல்தான்.

"பாவம் அவங்களோடது. அதை எழுத அவங்க வேற கல்லு பாத்துக்கட்டும். இது என் பிள்ளையோட கல்லு."

"அப்படின்னா தியோடோரோஸா?" என்றார் பாதிரியார்.

"அதுவும் வேணாம். கடவுள் குடுத்தாருன்னு சொன்னா, போட்டவங்க யாருன்னே இல்லாமப் போயிடும்." கல்லை உள்ளங்கையால் துடைத்தாள். "வீட்டுல நான் அவனைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. மகனேன்னுதான் கூப்பிடுவேன். மகன்னு வெட்டு. கிரேக்கத்துல வேணாம், நம்ம பேச்சுலயே வெட்டு."

"மகன் ஒரு பெயரா?" என்று ஆரம்பித்த பாதிரியார், இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு, கல்தச்சனிடம் தலையசைத்தார்.

சின்னச் சொல். சீக்கிரம் முடிந்துவிட்டது. கல்தச்சன் தூசியை ஊதிவிட்டு எழுந்தான்.

எழுத்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பாதிரியார் குனிந்தார். தமினிஸ் அவரைத் தடுத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. அவங்க படிச்சுச் சொல்லட்டும்."

அப்பியா மெல்ல முழங்காலிட்டாள். எழுத்துகளின்மேல் விரலை வைத்தாள். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"வாய்விட்டுப் படிங்கம்மா" என்றாள் தமினிஸ். "அவன் காதுல விழட்டும்."