பத்துக்குப் பத்து

"சின்னதா இருக்கேன்னு ஏமாந்துடாத மாப்ளே. சின்னதுதான் அதிகமா துள்ளும்" என்றான் டெல்மர்.

வெர்லன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முந்தாநாள் வாங்கிய புதுக் கைத்துப்பாக்கியை உள்ளங்கையில் வைத்துப் புதுமாப்பிள்ளை மோதிரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். மேல்சட்டைக்குள் செருகினால் வெளியே தெரியாது. அவ்வளவு சின்னது.

"இத்தன நாள் குறி தப்பினது என் தப்பில்ல மச்சான். பழைய துப்பாக்கி கைக்கு அடங்கல. இது அடங்கும், பாரு."

"போன வருஷம் கண்ணாடி மேல பழி போட்ட. அதுக்கு முந்தின வருஷம் குண்டு சரியில்லைன்ன. இந்த வருஷம் துப்பாக்கியா? சரி, சுடு."

விஷயம் வேறொன்றுமில்லை, ஒரு பரண்தான். கென்டக்கியில் வெர்லனின் மாமனார் வீட்டுக் காட்டில், ஓக் மரத்தின்மேல் கட்டிய பரண். அதில் ஏறி உட்கார்ந்தால் மான் தானாக வந்து எதிரே நிற்கும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நவம்பரில் வேட்டை திறந்ததிலிருந்து சீசன் முடிகிறவரை அதில் யார் உட்காருவது என்பதை மச்சானும் மாப்பிள்ளையும் ஊர் எல்லையிலிருந்த இந்தத் துப்பாக்கி சுடும் கூடத்தில்தான் தீர்த்துக்கொள்வார்கள். ஆளுக்குப் பத்து குண்டு. எதிரே தொங்கும் குறித்தாளின் கறுப்பு வட்டத்துக்குள் யாருக்கு அதிகம் விழுகிறதோ, அவருக்குப் பரண்.

இரண்டு வருடமாக டெல்மர்தான் ஜெயித்துக்கொண்டிருந்தான். வெர்லன் போட்ட லீவை ரத்து செய்ய மனமில்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான் மிச்சம். மூன்றாவது வருடமும் தோற்றால் தாங்காது என்று அவனுக்கே தெரிந்திருந்தது.

இன்றைக்கு டெல்மர் ஏற்கெனவே சுட்டு முடித்துவிட்டான். பத்துக்கு எட்டு.

வெர்லனின் மனைவி அர்லீனும் கூட வந்திருந்தாள். டெல்மரின் தங்கை. "சும்மா நின்னு என்ன பண்றது? அந்தப் பழசக் குடுங்க, நானும் ஒரு ரவுண்டு சுட்டுப் பாக்குறேன்" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்த சுடும் தடத்தை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கே அடங்காதது உனக்கு அடங்குமா?" என்று சிரித்துக்கொண்டே வெர்லன் கொடுத்தான். அவளும் பத்து குண்டு நிரப்பிக்கொண்டாள்.

எல்லோரும் காதுக்கவசம் மாட்டிக்கொண்டார்கள். கூடத்துக்காரர் சரி என்று கை காட்டினார்.

வெர்லன் முதல் குண்டைச் சுட்டான். டெல்மர் பொய் சொல்லவில்லை. அந்தக் குட்டிச் சனியன் கையைவிட்டு ஓடப் பார்த்தது. அர்லீன் இன்னும் ஆரம்பிக்கவில்லை. தன் தாளைப் பார்த்தாள், தடுப்புக்கு இந்தப் பக்கமாகத் தலையை நீட்டி இவனைப் பார்த்தாள். பாவம், சத்தத்துக்கே பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, பயப்படாமல் சுடு என்று வெர்லன் தலையை ஆட்டினான். அவளும் தலையை ஆட்டிவிட்டுச் சுட ஆரம்பித்தாள்.

அதன்பிறகு வெர்லனுக்கு எதுவும் சரியாக ஞாபகமில்லை. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி எகிறியது, இமைகள் தானாக மூடிக்கொண்டன. பத்து முடிந்ததும் துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைத்தான். பொத்தானை அமுக்கினான். கம்பியில் தொங்கியபடி தாள் ஆடி ஆடி வந்து சேர்ந்தது.

கறுப்பு வட்டத்துக்குள் பத்து ஓட்டை. ஒரு காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் பத்தும் உள்ளே அடங்கிவிடும்.

டெல்மர் விரல் வைத்து எண்ணினான். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் எண்ணினான்.

"நான் பின்னாலதான நின்னேன். கண்ண மூடிக்கிட்டுல்ல சுட்ட நீ?"

"கண்ணத் திறந்து வெச்சுக்கிட்டு யாரு வேணா சுடலாம் மச்சான்" என்றான் வெர்லன். சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அர்லீனின் தாளும் வந்தது. அதைப் பார்த்து ஆண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் ஒன்று, ஓரத்தைக் கிழித்துக்கொண்டு ஒன்று, அடியில் மூன்று, எங்கெங்கோ இரண்டு. வட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை.

"ஏழுதான் இருக்கு. மீதி மூணு எங்க?" என்றான் டெல்மர்.

"கூரையிலதான் தேடணும்" என்று வெர்லன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு மனசு கேட்காமல் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். "விடு அர்லீன். எல்லாருக்கும் எல்லாமும் வந்துடாது. குறைய எடுத்து எடுத்துச் சொல்ல மாட்டேன்."

"ரொம்ப சந்தோஷங்க" என்று அவள் தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

டெல்மர் கை கொடுத்தான். "பரண் உனக்கு மாப்ளே. சனிக்கிழமையிலேர்ந்து கடைசி நாள் வரைக்கும். விடியறதுக்குள்ள போய் ஏறிடு."

"இருட்டினப்புறம்தான் இறங்குவேன்" என்றான் வெர்லன்.

திரும்பும்போது வண்டியை அர்லீன் ஓட்டினாள். வெர்லன் தன் தாளை மடியில் விரித்து வைத்துத் தடவிக்கொண்டே வந்தான்.

"இத கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டணும் அர்லீன். கீழ பேரு, தேதி எல்லாம் எழுதி."

"தாராளமா மாட்டுங்க" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா கீழ என் பேர எழுதுங்க. உங்க மொத குண்டு என் தாள்ல வந்து விழுந்ததுமே நான் உங்க தாளுக்கு மாறிட்டேன். இன்னொரு சீசன் உங்கள வீட்ல வெச்சுக்கிட்டு என்னால ஆகாதுங்க."