ஒரு துளியும் குறையாமல்

“ஒரு பொட்டுகூடத் தரம் குறையக் கூடாது, சொல்லிட்டேன்! அச்சு அசலா அப்படியே வேணும்.”

பெரியவர் பையைக் கவிழ்த்ததும் கம்ப்யூட்டர் கடையின் மேசை டிவிடிகளால் நிறைந்துபோனது. பக்கத்தில் அவர் மனைவி கைப்பையை அணைத்தபடி நின்றிருந்தார்.

கடைக்காரப் பெண்ணுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எத்தனை நாளைக்குப் பிறகு ஒரு உருப்படியான வேலை!

“எல்லாம் நாங்க டூர் போனப்போ நானே எடுத்தது. இது மலை. இது ஏரி. இதெல்லாம் அருவி.”

“அருவிக்கு மட்டும் ஏன் சார் நாலு டிஸ்க்?”

“நாலு பக்கத்துலேருந்தும் எடுத்தேன்ல!”

“ரொம்ப அழகா எடுத்திருப்பாரும்மா” என்றார் மனைவி. “ஞாயித்துக்கிழமை ஆனா வீடே உக்காந்து பாக்கும்.”

“கேட்டியா? இவளுக்கு இதுன்னா உயிரு. டிஸ்க்கெல்லாம் பழசாகுது, கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா கெடாதுன்னு இவதான் சொன்னா.”

“புள்ள சொல்லிக் குடுத்தான்” என்றார் மனைவி, தரையைப் பார்த்தபடி.

“சுருக்கினாத்தான் சார் படம் மங்கும். நான் சுருக்காம, டிஸ்க்ல இருக்கறதை அப்படியே எடுத்துடறேன். என்ன, இடம் நிறையப் பிடிக்கும்.”

“பிடிக்கட்டுமே!” என்றார் பெரியவர், கம்பீரமாக.

அவர்கள் போனதும் அவள் டிஸ்க்குகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கடை திறந்த புதிதில் தையல்காரர் வீட்டுக் கல்யாணப் படங்களை வேறொரு ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றப்போய், எதிலிருந்து எதற்கு என்பதைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டாள். காலி டிஸ்க்கில் இருந்த ஒன்றுமில்லாதது, கல்யாணத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு ‘அழிரப்பர்’ என்று பெயர். எதிர் வரிசைக் கடைகள் இரண்டிலும் கூட்டம். இங்கே சார்ஜர் வயர் வாங்க மட்டும் ஆள் வரும். இதையும் கோட்டைவிட்டால் ஷட்டரை இழுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

அந்தப் பெயரையும் மீறி ஒருவர் தன்னை நம்பி வந்திருக்கிறார்.

மறுநாள் தொடங்கினாள். ஒவ்வொரு டிஸ்க்கையும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்து, காப்பி எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். மலை வந்தது. ஏரி வந்தது. மூன்றாவது அருவி மட்டும் அடம்பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் பெரியவரின் மனைவி தனியாக வந்தார்.

“எப்படிம்மா போயிட்டிருக்கு?”

“ஒண்ணுதாம்மா தகராறு பண்ணுது. பின்னாடி பாருங்க, யாரோ பாத்திரம் தேய்க்கற நாரால தேய்ச்ச மாதிரி கீறல்.”

“மாதிரி என்ன மாதிரி. நான்தான் தேய்ச்சேன்.”

அவள் கையிலிருந்த டிஸ்க் நழுவப் பார்த்தது.

“அம்மா!”

“பின்ன என்னம்மா? வாராவாரம் அருவி. தண்ணி மேலேருந்து கீழ விழுது, அவ்வளவுதானே? அதுக்கு அவர் விளக்கம் வேற. மகனும் மருமகளும் ஞாயித்துக்கிழமைன்னா வீட்டுப் பக்கமே தலை காட்டறதில்ல. அவர் ஆசை ஆசையாப் போடறப்போ எழுந்து போக எனக்கு மனசு வர மாட்டேங்குது.” குரலைத் தாழ்த்தினார். “இத்தனை டிஸ்க்ல தப்பித்தவறி நாலஞ்சு வராமப் போனா, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்.”

“என் பொழைப்பே போயிடும்மா. எனக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கு.”

“நல்ல பேரை வேற யாராவது வீட்டு டிஸ்க்ல வாங்கிக்கோயேன்!”

“மன்னிச்சுக்கங்கம்மா. சார் என்னை நம்பிக் குடுத்திருக்கார்.”

அந்த அம்மாள் அவளைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

அவள் விடவில்லை. கடையில் இருந்த டிரைவ்களில் எல்லாம் அந்த அருவியை மாற்றி மாற்றிப் போட்டாள். கடைசியில் மூலையில் கிடந்த பழைய டிரைவ் ஒன்று, நத்தை வேகத்தில் முக்கி முனகி, முழுதும் படித்து முடித்தது. அவள் இருந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தாள்.

பெரியவர் வாங்கிப்போக வந்தபோது திரையில் அருவியை ஓடவிட்டுக் காத்திருந்தாள். சத்தம் கடையை நிறைத்தது. நுரை நுரையாகத் தண்ணீர். நனைந்துவிடுவோமோ என்று தோன்றும் அளவுக்குத் துல்லியம்.

“எல்லாம் வந்துடுச்சு சார்! ஒரு துளி குறையல.”

பெரியவர் திரையைப் பார்த்தார். வாசலை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“எல்லாமா?”

“எல்லாம் சார். எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டு காப்பி எடுத்து வச்சிருக்கேன். இனிமே அருவிக்கு அழிவே கிடையாது.”

“அடிப்பாவி!”

“சார்?”

“அந்த அருவிச் சத்தம் கேட்டாலே எனக்குத் தலை சுத்துதும்மா. ஞாயித்துக்கிழமை ஆனா அவ ஆசையா வந்து உக்காந்துடறா. போட மாட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்?”

“அப்புறம் ஏன் சார் தரம் குறையக் கூடாதுன்னு அந்தப் போடு போட்டீங்க?”

“அவ பக்கத்துல நிக்கறப்போ வேற என்னத்தைச் சொல்றது?” பெரியவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “உங்கிட்ட எதைக் குடுத்தாலும் மிஞ்சாதுன்னு தெருவே அடிச்சுச் சொல்லுச்சு. அதை நம்பித்தானேம்மா, எதிர்ல ரெண்டு நல்ல கடை இருந்தும் உன்னைத் தேடி வந்தேன்!”