வலிக்காத ஆணி

“கால்ல ஆணி இருக்கு” என்று ஓராலியா சொன்னபோது நான் சோள ரொட்டியில் பீன்ஸைச் சுருட்டி வாயில் வைத்திருந்தேன்.

“யார் கால்ல?”

“உன் கால்லதான், கிழவா.”

குனிந்து பார்த்தேன். பூட்ஸின் அடியில் ஆணித்தலை ஒன்று மின்னியது. கூரைக்குத் தார் அட்டை அடிக்கிற ஆணி. என் பிழைப்பே அதுதான். காலையிலிருந்து டெக்சாஸ் வெயிலில் ஏணி ஏறி இறங்கியிருக்கிறேன், லாரியிலிருந்து சரக்கு இறக்கியிருக்கிறேன். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை.

பூட்ஸ் கழல மறுத்தது. ஆணி அதைக் காலோடு சேர்த்துத் தைத்திருந்தது.

ஓராலியா என் பெட்டியிலிருந்தே குறடை எடுத்துவந்தாள். தரையில் உட்கார்ந்து, என் பாதத்தை மடியில் வைத்து, ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

“பாத்தியா, ஒரு முனகல் வந்துச்சா?” என்றேன். உண்மையிலேயே எனக்குப் பெருமையாக இருந்தது. கூட வேலை செய்கிற பயல்கள் யாரும் பக்கத்தில் இல்லையே என்று வருத்தம் வேறு.

அவள் சிரிக்கவில்லை. நான் என்ன உளறினாலும் திட்டிக்கொண்டாவது சிரித்துவிடுகிறவள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மாதா கோயிலில் நடந்த இலவச முகாமில் கண்டுபிடித்தார்கள். டாக்டரிடம் போக இன்சூரன்ஸ் கிடையாது. கூலிக்குக் கூரை போடுகிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? ஆற்றைத் தாண்டி மெக்சிகோ பக்கம் போய் மாத்திரை வாங்கிச் சில மாதம் விழுங்கினேன். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. சரியாகிவிட்டது என்று நானே டாக்டராகி நிறுத்திவிட்டேன். அக்கா அரைத்துக் கொடுக்கிற சப்பாத்திக்கள்ளிச் சாறு போதும் என்று இருந்தேன். கால் மரத்துப்போனதை வயசுக்கோளாறு என்று எடுத்துக்கொண்டேன்.

ஓராலியா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அவளுக்கு இன்சூரன்ஸ் உண்டு, புருஷனையும் அதில் சேர்க்கலாம். ஆனால் நான் அவள் புருஷன் இல்லை. சேர்ந்து வாழ்கிறோம், அவ்வளவுதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தமாலே பலகாரம் செய்ய அவள் மாவு பிசைந்துகொண்டு, ஓட வழியில்லாமல் நிற்கிற நேரம் பார்த்து, என்னைக் கட்டிக்கொள் என்று கேட்பேன்.

“ஒரு கல்யாணம் பண்ணினதே போதும்” என்பாள்.

முதல் புருஷன் ஹசிந்தோ இறந்துவிட்டான். எப்படி என்று அவள் சொன்னதில்லை, நானும் கிளறியதில்லை. இன்சூரன்ஸைப் பற்றியும் வாயைத் திறந்ததில்லை. அதற்காகத்தான் கேட்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டால்?

இப்போது அவள் பூட்ஸைக் கழற்றி என் பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மோந்து பார்த்தாள். கணுக்காலிலிருந்து விரல் வரை புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தாள். கேட்காமலே அடுத்த காலையும் இழுத்து, அதற்கும் அதே மரியாதை. தேர்ந்த நர்ஸே தோற்றுப்போவாள்.

“இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?”

“ஹசிந்தோகிட்ட.”

பாதத்தைக் கீழே விடாமலே மீதியைச் சொன்னாள்.

“அவனுக்கும் சர்க்கரை. கால்ல ஏறினது கருவேல முள்ளு. வலிக்கவே இல்லன்னு உன்ன மாதிரியேதான் பல்லக் காட்டினான். மொதல்ல விரல எடுத்தாங்க. அப்புறம் முட்டி வரைக்கும். இன்சூரன்ஸ் கெடைக்குமேன்னுதான் நான் பஸ் வேலைக்கே போனேன். அட்டை கைக்கு வந்தப்போ அவனப் பொதச்சாச்சு.”

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

“இப்போ ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. பில்லு வந்தா வரட்டும். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போய்க் கல்யாண லைசென்ஸ் வாங்கறோம்.”

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

“இத்தன வருஷம் நான் கேட்டேன், நீ அசையல. ஒரு ஆணி கேட்டதும் சரின்னுட்ட. நீ கட்டிக்கப்போறது என்னையா, என் காலையா?”

“உன்ன முழுசா. முழுசா இருக்கும்போதே.”

“அப்போ ஏண்டி இவ்ளோ நாளா மாட்டேன் மாட்டேன்ன?”

அவள் இன்னும் குனிந்தாள். குரல் மிகவும் சின்னதாக வந்தது.

“புருஷன்னு ஆயிட்டா நீயும் செத்துடுவியோன்னு பயம், செவேரோ.”

நல்லதாக ஒரு கிண்டல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் நிமிரவே இல்லை. இன்னும் காலைத்தான் ஆராய்கிறாள் என்று நினைத்து நானும் குனிந்தேன்.

என் பாதம் முழுக்க நனைந்திருந்தது. அவள் கன்னத்திலிருந்து அதன் மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. எப்போதிலிருந்து அழுகிறாளோ.

ஒரு சொட்டுகூட என் காலுக்குத் தெரியவில்லை.

ஆணியைப் பார்த்தபோது வராத பயம் அப்போது வந்தது.

“கெளம்பலாம்” என்றேன்.