மேல்வீட்டுச் சண்டை

"கேக்குதே? இண்டைக்கும் அந்தப் பொம்பிளை அழுகிறாள்."

சோபிகா கையில் அகப்பையோடு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். மேல்வீட்டில் ஓர் ஆண்குரல் அவளுக்கு விளங்காத மொழியில் உறுமியது. பெண்குரல் ஒன்று கீச்சிட்டது. பளாரென்று ஓர் அடி. பிறகு தடதடவென்று ஓடுகிற சத்தம். ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் அந்த வீட்டுக்கு ஆள் வந்ததிலிருந்து மாலை வேளைகளில் இதுதான் கதை.

கணவர் மகேசன் சோபாவை விட்டு எழும்பவில்லை. "மற்றவையின்ரை வீட்டுக்குள்ளை தலையை விடாதையும்."

விடாவிட்டால் ஒருநாள் அவளைப் பெட்டியில் வைத்துத்தான் இறக்குவார்கள் என்றாள் சோபிகா. அப்படியென்றால் பொலிசுக்குப் போன் அடியும் என்றார் அவர். அதிலிருந்து பேச்சு அவருடைய அக்கறையின்மைக்குத் தாவியது, அங்கிருந்து அவருடைய தங்கைக்கு. கடைசியில் அவள் அலுமாரிக் கதவை அடித்துச் சாத்திவிட்டுத் தனியாகவே படியேறினாள்.

கதவைத் திறந்தவர் நரைத்த மீசைக்காரர். பெயர் இல்ஹான், துருக்கிக்காரர். அவளைக் கண்டதும் அவர் முகம் மாறியது. ஒன்றும் கேட்காமல் உள்ளே அழைத்து, கதிரையில் இருத்தி, தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

சோபிகாவின் கண்கள் அந்தப் பெண்ணைத் தேடின. உங்கள் மனைவி எங்கே என்று நோர்வீஜிய மொழியில் நேராகவே கேட்டாள். தனக்கு மனைவியே இல்லை என்றார் அவர்.

"அப்படியென்றால் இவ்வளவு நேரமும் அழுதது யார்?"

இல்ஹான் விழித்தார். பிறகு விளங்கிவிட்டது. சிரித்தபடி அறையின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு வெள்ளைத் திரை. அதன் பின்னால் விளக்கு. ஒட்டகத் தோலில் வெட்டிச் சாயம் தீட்டிய பாவைகள். அவர் நிழற்பாவைக் கூத்துக்காரர். ஆண், பெண், அடி, ஓட்டம் எல்லாமே அவர் ஒருவர்தான். ஒரு பெண்பாவையைத் திரையில் சாய்த்து அதே குரலில் விம்மியும் காட்டினார். சோபிகாவுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

புறப்படும்போது, எந்த நேரமானாலும் யோசிக்காமல் வந்து மணியடியுங்கள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். துருக்கிக்காரர் உபசாரத்தில் குறை வைக்கமாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு அவள் இறங்கி வந்தாள்.

சில வாரங்கள் கழித்துப் பக்கத்திலுள்ள ஸ்டோவ்னரில் ஒரு மண்டபத்தில் அவருடைய கூத்து. அவர் அழைத்திருந்ததால் மகேசனையும் இழுத்துக்கொண்டு போனாள். கூத்துப் பழையது, கதை புதியது. பாவைகள் நோர்வீஜிய மொழி பேசின. பச்சைப் பையில் போடவேண்டிய சாப்பாட்டு மிச்சத்தைக் கணவன் பிளாஸ்டிக்குக்கான நீலப் பையில் போட்டுவிட, மனைவி தொடங்கினாள். மூச்சு விடாமல் பேசினாள். அவன் இடையில் ஒரு சொல் போட்டான். அந்த ஒரு சொல்லுக்கு அவள் பாட்டம் பாட்டமாகப் பொழிந்தாள். மண்டபமே குலுங்கியது.

"உங்கடை தங்கச்சியும் மச்சானும் அச்சு அசல் இதேதான்," என்று சோபிகா கண்ணைத் துடைத்தாள். மகேசன் மறுக்கவில்லை, அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கூத்து முடிந்ததும் இருவரும் திரைக்குப் பின்னால் போய் இல்ஹானைப் பாராட்டினார்கள். மனைவி இல்லாதவருக்குப் புருஷன் பெண்சாதிச் சண்டை இவ்வளவு நுணுக்கமாக எப்படித் தெரியும் என்று சோபிகா கேட்டாள்.

இல்ஹான் மகேசனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கழுத்தைச் சொறிந்தார்.

"உங்கள் மொழி எனக்கு ஒரு சொல்கூட விளங்காது. தினமும் உங்கள் வீட்டிலிருந்து மேலே வருகிற சத்தத்தின் தாளத்தை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன்," என்றார். "உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நீங்கள் வந்து கதவைத் தட்டியபோது, அடி தாங்காமல் தப்பி ஓடி வந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன்."