படகு இழுக்கிற வண்டி

“இவ முட்டி போச்சு. தின்னுக்கிட்டே உட்கார்ந்திருந்தா வேற என்ன ஆகும்?” என்றார் டெல்பர்ட், வண்டிச் சாமான்கள் மாட்டித் தரும் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

‘இவ’ என்றது அவர் மனைவி லவோனை. பக்கத்துக் கடையில் அப்போதுதான் வாங்கிய, நடக்க முடியாதவர்கள் ஓட்டும் மின்சார ஸ்கூட்டரில், கால்கள் மிதிபலகைக்கு எட்டாமல் தொங்க உட்கார்ந்திருந்தாள். உடம்பில் சதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தின்றதெல்லாம் எங்கே போனதோ, டெல்பர்ட்டுக்குத்தான் வெளிச்சம்.

அவரோ இரண்டு முழங்கைகளையும் கவுண்ட்டரில் ஊன்றி, கடையையே விலைபேச வந்தவர் போல நின்றார். அமெரிக்காவின் ஆர்கன்சா ஏரிக்கரைகளில் ஆண்களில் ஒரு ரகம் உண்டு. ஒருவன் ஆம்பளையா இல்லையா என்பதை அவன் வண்டிக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்யும். அந்த ரகத்துக்கு டெல்பர்ட்தான் தலைவர்.

“சனிக்கிழமை டல்சாவுல பேத்தி கல்யாணம். நான் தூக்கி வளர்த்த பிள்ளை,” என்றாள் லவோன். “ஸ்கூட்டரையும் கொண்டு போகணும். அதைத் தொங்கவிட வண்டி பின்னாடி ஹிட்ச் கொக்கி வேணும்.”

கடைக்காரன் டிரென்ட் அவளைப் பார்க்காமல் டெல்பர்ட்டைப் பார்த்தான். “அம்மாவுக்குக் காது கேட்குமா சார்?”

சக்கர வண்டியில் உட்கார்ந்தால் காதும் போய்விடும் என்று அந்த மேதாவிக்கு யார் சொன்னார்களோ.

“அவகிட்ட என்ன பேச்சு? வீட்ல இவளோட சின்னக் கார் இருக்கு. அதுக்கு ஒண்ணு மாட்டிவிடு.”

“சின்னக் காருக்கு மாட்டுற ஹிட்ச் இருநூறு பவுண்டுதான் தாங்கும் சார். ஸ்கூட்டரும் அதை வைக்கிற தட்டும் சேர்ந்தா முந்நூறு வருது.”

“எனக்கே ஹிட்ச் பாடமா? என் மச்சான் அதே மாதிரி கார்ல ஆயிரம் பவுண்டு படகை இழுத்திருக்கான்!”

“இழுக்கிறது வேற, தொங்குறது வேற சார். படகு, டிரெய்லர் சக்கரத்துல உருண்டு வரும். இது மொத்தமும் கார்லதான் தொங்கும். டல்சா போறதுக்குள்ள ரோட்டுல கிடக்கும்.”

ஆயுசு முழுக்கப் படகு இழுத்த மனிதருக்கு இது தெரியவில்லை. தெரியாததை உரக்கச் சொல்லிச் சமாளிப்பதுதான் அவர் தெரிந்துகொண்ட ஒரே வித்தை.

“அம்மா உடம்புக்கு இத்தனை பெரிய ஸ்கூட்டர் எதுக்கு? மடக்குற சின்னது இருக்கே. கார் டிக்கியிலயே போட்டுக்கலாம்,” என்றான் டிரென்ட்.

“சின்னது வேணாம்!” டெல்பர்ட் அவசரமாகக் குறுக்கிட்டார். “இவளுக்கு எல்லாமே பெருசா வேணும்.”

“நம்ம டிரக்குலதான் பெரிய ஹிட்ச் இருக்கே, அதுலயே மாட்டலாமே,” என்றாள் லவோன்.

“என் டிரக்குலயா? அது படகு இழுக்கிற வண்டிடி! அதுல நொண்டி வண்டி தொங்கினா ஏரிக்கரையில ஒருத்தன் என்னை மதிப்பானா?”

ஓரமாக நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். டெல்பர்ட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம். உன்னால முடியலைன்னு போன் பண்ணிச் சொல்லிடறேன். விஷயம் முடிஞ்சுது.”

லவோன் ஸ்கூட்டரை அணைத்தாள். தொங்கிய கால்களைத் தரையில் வைத்து இறங்கினாள். விடுவிடுவென்று நடந்துபோய் கவுண்ட்டரில் கிடந்த டிரக் சாவியை எடுத்துக்கொண்டாள். சிரித்த இரண்டு பேரும் விலகி வழிவிட்டார்கள்.

“டிரக்குலயே மாட்டிடுங்க தம்பி. நான் வண்டியைப் பின்பக்கம் கொண்டு வர்றேன்,” என்றாள் டிரென்ட்டிடம்.

“ஏய், சாவியைக் குடு!” என்று டெல்பர்ட் கத்தினார். ஆனால் கவுண்ட்டரில் ஊன்றிய முழங்கைகளை எடுத்துவிட்டு ஓர் அடிகூட அவரால் நகர முடியவில்லை.

வாசலில் நின்று அவள் திரும்பினாள்.

“நாலு பேர் பார்த்தா பார்க்கட்டும், டெல்பர்ட். உன் ஸ்கூட்டர்ல இனி நீயே உட்காரு.”