டீசல் டானிக்

12.9.79, புதன். இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். டானிக் கலந்த டீசலில் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் ஓடும்போது நாற்றங்காலில் மாடு இறங்கிவிட்டது. விரட்டிவிட்டு வருவதற்குள் டீசல் அளவுக் கோட்டைத் தாண்டி இறங்கிவிட்டது, மணியைக் குறிக்கவில்லை. இன்றைய கணக்கு செல்லாது. இன்னும் ஒரு நாள் பார்க்க வேண்டும்.

கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதி முடித்த முருகையன், நோட்டை எதிரே இருந்தவரிடம் நீட்டினான். முத்துப்பேட்டையில் எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கும் பக்கீர் முகம்மது கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"மாடா?"

"ஆமா பாய்."

"போன வாரம் கடிகாரம் நின்னுபோச்சு. அதுக்கு முந்தி அளவு குச்சி ஆத்துல விழுந்துச்சு. ஒங்க எஞ்சினுக்கு யாரோ செய்வினை வச்சிருக்காங்க தம்பி!"

சிரித்துக்கொண்டே, ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த இரண்டு டீயில் ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினார். விடிந்ததிலிருந்து முருகையனிடம் ஒரு மனிதர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அப்பா காலத்திலிருந்து உழுதுவரும் மூன்று மா நிலத்துக்குக் குத்தகைப் பதிவேட்டில் தன் பெயரை எழுதச் சொல்லி, வைகாசியில் அவன் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்தான். அன்று சாயங்காலமே நிலத்துக்காரரின் பண்ணை வீட்டிலிருந்து சொல் வந்தது: அவனோடு பேசுகிற வீட்டுக்கு இனி நடவும் கிடையாது, அறுப்பும் கிடையாது. சொந்த அத்தை அம்சம்கூட அவன் தலையைக் கண்டால் குடம் பாதி நிரம்பும்போதே தூக்கிக்கொண்டு போய்விடுவாள். கோபம் இல்லை, பயம்.

பேச்சு மிச்சமிருந்தது இந்தக் கடையில்தான். டீசலுக்குச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிற காலம். டானிக் கலந்தால் எஞ்சின் கூடுதல் நேரம் ஓடும் என்று கடைக்கு வந்த டானிக் தகரத்தில் அச்சடித்திருந்தது. "நெசமான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. காசு வேண்டாம். சரியா இருந்தா போர்டு எழுதி மாட்டிடுறேன்" என்றார் பாய்.

தான் படிக்கிற மாலை வகுப்பின் அறிவியல் புத்தகத்தில் இருந்த முறைப்படியே முருகையன் ஆரம்பித்தான். தினமும் ஒரு லிட்டர் வெறும் டீசல், ஒரு லிட்டர் டானிக் கலந்தது. டேங்கில் குச்சி விட்டு, எது இறங்க எத்தனை நிமிஷம் என்று இருபது நாள் குறிக்க வேண்டும். வகுப்புக்குப் போகிற வழியில் அன்றைய கணக்கைக் கடையில் சொல்லிவிட்டு, மறுநாளைக்கு ஒரு பாட்டில் டானிக் வாங்கிக்கொள்வான்.

இருபது நாள் முடிந்து பத்து நாளாகிறது. அதிலும் ஐம்பத்திரண்டு நிமிஷம், இதிலும் ஐம்பத்திரண்டு நிமிஷம். தன் அளவில் ஏதோ பிழை என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். இப்போதெல்லாம் பாட்டிலைத் திறந்தால் டானிக்கின் அந்த வார்னிஷ் நெடி மூக்கில் ஏறுவதில்லை. சளி பிடித்திருக்கும் என்று அதையும் எழுதி வைத்தான்.

பாய் உள்ளே போய், இருமல் மருந்து பாட்டில் ஒன்றை நிரப்பிக்கொண்டு வந்தார். "நாளைக்காவது மாட்டக் கட்டிப்போடச் சொல்லுங்க."

"யாருகிட்ட பாய் சொல்றது?"



வாசலில் டிராக்டர் வந்து நின்றது. பண்ணை டிராக்டர் ஓட்டுகிற பஞ்சநதம். முருகையனும் அவனும் ஒரே மதகிலிருந்து ஆற்றில் குதித்து வளர்ந்தவர்கள். முருகையன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். பஞ்சநதம் அதைக் காலி பெஞ்சைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நின்றுகொண்டான்.

"பாய், அந்த டானிக்கு ஒண்ணு குடுங்க. ஐயா வாங்கியாரச் சொன்னாங்க. எருமைக்கு ஊத்துனாலாவது ஒரு படி கூடக் கறக்கும்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல."

முருகையன் கையிலிருந்த பாட்டிலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

"தீந்துபோச்சு பஞ்சநதம்."

"எப்ப வரும்?"

"இனிமே வராது. கம்பெனிக்காரனே கடையச் சாத்திட்டான்."

டிராக்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை முருகையன் அசையவில்லை.

"பண்ணைக்கே இல்லேன்னுட்டீங்களே. எனக்காகப் பொய் சொல்லணுமா பாய்?"

பக்கீர் முகம்மது ஆறிப்போன டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன்கள் இரண்டு பேரும் துபாயில். டீசல் தட்டுப்பாட்டில் எஞ்சின்கள் படுத்ததிலிருந்து கடைக்கு ஆள் வருவதும் நின்றுபோயிருந்தது.

"அவன்ட்ட நான் பொய் சொல்லலையே தம்பி."

முருகையன் பாட்டிலைத் திறந்து முகர்ந்தான். மூக்கு நன்றாகத்தான் இருந்தது. வெறும் டீசல்.

"தகரம் காலியாகிப் பத்து நாளாச்சு" என்றார் பாய்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா மறுநாள் நீங்க வரமாட்டீங்களே."

முருகையன் நோட்டைத் திறந்து, எழுதியிருந்ததை ஒரே கோடாக அடித்துவிட்டு அதன் அடியில் எழுதினான்.

திருத்தம்: இன்று மாடு எதுவும் வரவில்லை. போன வாரம் கடிகாரமும் நிற்கவில்லை. ஐம்பத்திரண்டு நிமிஷம். டானிக்கால் பயனில்லை.

நாளை: ஐந்தரை மணிக்குக் கடைக்குப் போக வேண்டும். பாட்டில் வேண்டாம்.