நெடி

வினோதினி செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இன்றைக்கு மனநல டாக்டர் வரும் நாள். மாதக்கணக்காகத் தூக்கமில்லை, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது. மாமியார் பாக்கியலட்சுமி வாசலை மறித்துக்கொண்டு, உப்பளத்துச் சேறு காயாத கையில் கல்லுப்பும் மிளகாயும் அள்ளி அவள் தலையைச் சுற்றுகிறாள். அந்த ஈரக்கை கன்னத்தில் உரசும்போதெல்லாம் வினோதினி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "துப்புடி." எத்தனை முறை துப்பியாயிற்று. மறுபடியும் துப்புகிறாள். அவள் எச்சில் உப்பின்மேல் நுரையாக நிற்கிறது. "கண்ணு பட்டிருந்தா நெடியே வராது, பாரு. ஊரு கண்ணு மொத்தமும் உம்மேலதான்." கொட்டாங்கச்சி நெருப்பில் உப்பு வெடிக்கிறது. முதலில் எச்சில் பொசுங்கும் வாடை. அதன் பின்னாலேயே மிளகாய் நெடி, தொண்டையை அறுத்துக்கொண்டு வருகிறது. வெயிலில் புகை நீலமாகச் சுருள்கிறது. இருவரும் மாறி மாறி இருமுகிறார்கள். பாக்கியலட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்துகிறாள். "மொளகா புதுசு. அதான்." வினோதினிக்குக் கண்ணில் நீர் வழிகிறது. "நெடி வந்துடுச்சு அத்தை. அப்ப இது கண்ணு இல்ல. பஸ்ஸு வந்துடும், வழிய விடுங்க." பாக்கியலட்சுமி இருமியபடியே ஒரு காலை மட்டும் நகர்த்திக்கொள்கிறாள். அந்த இடைவெளியில், அவள்மேல் படாமல் ஒருக்களித்து, வினோதினி வெளியே போகிறாள்.